தூங்கி எழுந்தவருக்கும் புரியும் நாடகம்

தெருக்கூத்தில் எந்த ராஜாவும் நேராக ஆடுகளமான களரிக்குள் வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று தன் பெருமையை, வேறு யாரையோ சொல்வதுபோல், படர்க்கையில் விருத்தமாகப் பாடுகிறான். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். திரை விலகியதும் அதே சங்கதியைத் தரு என்னும் பாட்டாகப் பாடி ஆடுகிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கிட்டு ஊரும் பேரும் விசாரிக்க, மூன்றாம் தடவையாக வசனத்தில் சொல்கிறான். அதையும் கட்டியங்காரன் உள்ளூர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லி, நடுவில் ஒரு கேலியைச் செருகிவிடுகிறான். துரியோதனன் தான் துரியோதனன்தான் என்று சபைக்கு நிரூபித்து முடிப்பதற்குள் வெற்றிலை ஒரு சுற்று வந்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு இது வீண் வளர்த்தல், எழுதியவருக்கோ கணக்கு. சின்னசேலமும் கல்வராயன் மலையடிவாரமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டில், திரௌபதி அம்மன் திருவிழாப் பாரதக் கூத்து விடிய விடிய நடப்பது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஜாமத்தில் கண்ணயர்ந்துவிடுவார்கள். இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறவர், வந்து நிற்பது யார், எதற்கு வந்திருக்கிறார் என்று பக்கத்து ஆளை உலுக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். விருத்தத்தின் சந்தி சேர்ந்த செய்யுள் பிடிபடாதவர் வசனத்தில் பிடித்துக்கொள்கிறார். வடசொல் மிகுந்த அந்த அரண்மனை வசனமும் எட்டாதவரைக் கட்டியங்காரன் கரையேற்றுகிறான். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கோமாளிக் குல்லா வைத்துக்கொண்டு களரியில் இறங்கியது போன்ற ஏற்பாடு.

எல்லா இடத்திலும் இப்படி விளக்கிக்கொண்டிருந்தால் நாடகம் நகராது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'கர்ண மோட்சம்' நல்ல பாடம். அதில் கர்ணனின் மனைவி பொன்னுருவி. வியாச பாரதத்தில் இந்தப் பெயரே கிடையாது. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுகிறவன் அவளிடம் விடைபெற வருகிறான். குலம் தெரியாதவன் என்று அவனை இளப்பமாக எண்ணுகிறவள் அவள். இருவரும் பாட்டுக்குப் பாட்டு மோதிக்கொள்ளும் தர்க்கம் தொடங்குகிறது. ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் பிடித்துத் திருப்பி அடிப்பதால், ஒவ்வொரு பாட்டும் முந்தைய பாட்டுக்கு உரையாகிவிடுகிறது. தன் பிறப்பின் ரகசியத்தை அவன் உடைக்க நேரும்போது கூட்டத்துக்கு அது செய்தியே அல்ல. குந்தி மகன் என்பதைக் குழந்தைகூட அறியும். அவளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்த கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்கவைப்பது அந்த ஒரு இடைவெளிதான்.

படித்தவர்களின் நாடகம் வேறு பாதையில் போயிற்று. 1891-இல் பெ. சுந்தரம் பிள்ளை லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி 'மனோன்மணீயம்' எழுதினார். பெரும்பாலும் ஆசிரியப்பாவில் அமைந்த அது, நடிப்பதைவிடப் படிப்பதற்கே பொருந்தியது. அரும்பதவுரையோடு பாடப்புத்தகமும் ஆயிற்று. அதே ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் உரைநடைக்குத் திரும்பினார். பாட்டையும் வசனத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவருடைய 'வள்ளி திருமணம்' இன்றும் கிராம மேடைகளில் ஓடுவதில், வள்ளியும் நாரதரும் நேரத்துக்கேற்ப நீட்டிக்கொள்ளும் தர்க்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஷேக்ஸ்பியரும் அரசர்களுக்குப் பெரும்பாலும் செய்யுளையும், கோமாளிகளுக்குப் பெரும்பாலும் உரைநடையையும் கொடுத்தார். ஆனால் அரசன் பேசியதைச் சபைக்கு விளக்கும் உத்தியோகம் அவருடைய கோமாளிக்கு இல்லை. அந்த வேலை இப்போது அடிக்குறிப்புகளின் தலையில் விழுந்திருக்கிறது.

பெரிய எழுத்துக் கூத்துப் புத்தகத்தைப் பிரிக்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று. விருத்தம், தரு, வசனம் என்று தலைப்பிட்டு அச்சடித்திருப்பார்கள். கட்டியங்காரன் பேச்சு பெரும்பாலும் அன்றன்றைக்கு வாயில் வருவது என்பதால் அச்சேறியது கொஞ்சமே. புத்தகம் கடினமாகத் தோன்றினால், அதன் உரையாசிரியர் அதற்குள் இல்லை என்பதே காரணம். பனிக்கு அஞ்சாமல் களரி ஓரத்தில் உட்காருகிறவருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.