ஒரு வாய் கலர்

ஏப்ரல் 24

மதுரையிலிருந்து தென்காசி வீட்டுக்கு வந்தாயிற்று. வயிற்றில் ஐந்து துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்திரி. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் நேந்திரம்பழம் போல ஒரு குழாய். 100, 150 மில்லி கொண்டால் அதிகம். அம்மா இருமல் மருந்து மூடியில் தண்ணீர் அளந்து தருகிறாள். ஒரு மூடியைக் கால் மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். 42 வயது மகளுக்கு முன்னால், பால் புகட்டுகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 26

தாகம்.

மே 2

பசி என்பதே இல்லை. கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஜப்பானியர்கள் அதைக் கண்டுபிடித்ததே 1999இல்தான். எனக்கு வெட்டியெடுத்ததும் அந்தப் பகுதியைத்தான். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள் என்பதால் டாக்டர் படம் போட்டே விளக்கினார்.

ஆனால் சாயங்காலம் நாலேகால் ஆனதும் தொண்டை தேடுகிறது. சோற்றையோ பரோட்டாவையோ இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், அண்ணாச்சி கடையில் நின்றபடி குடிக்கும் கலரை. பதினெட்டு வருடப் பழக்கம். முதல் வாய் சுள்ளென்று இறங்கும், கண்ணில் நீர் முட்டும், அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம். அதோடு அன்றைய பாடு முடிந்தது. 118 கிலோவோடு மாடிப்படி ஏறி இறங்கிய முழங்காலுக்கும், சர்க்கரை மாத்திரைக்கும், வீட்டுக் கணக்குக்கும் நடுவில் எனக்கென்று இருந்த ஐந்து நிமிடம் அது.

பசியை வெட்டியெடுக்க முடிந்திருக்கிறது. இது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

மே 3

அழுதேன். காரணம் எழுதப்போவதில்லை.

மே 19

செங்கோட்டையில் அண்ணன் வீடு. நான் உட்காருவதற்குள் மதினி சின்னவனைக் கடைக்கு விரட்டிவிட்டாள். காபி, டீ வீட்டு ஆளுக்கும் உண்டு. வந்தவரை மதித்துச் செய்வதென்றால் எங்கள் பக்கம் கலர்தான். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் போவோண்டோ இல்லாத கல்யாண வீடு எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவர் கையில் நான் கொடுத்த தம்ளரிலும் அதுதான் இருந்தது.

சொந்தக்காரர்களிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மதினிக்கும் அதே பொய்தான்.

“அல்சருக்கு சோடா நல்லதுதானட்டி, வாயு கலைஞ்சு போகும். ஒரு வாய் குடி.”

“வேண்டாம் மதினி.”

“ஒரு கலர்கூடக் குடிக்காமப் போனா எப்படி?”

வாயு உள்ளே போனால் விரியும், இந்தச் சின்னக் குழாய் தாங்காது, வலிக்கும், நெஞ்செரியும் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? தம்ளரில் குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தது. மதினி அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், எப்போதும் தெருமுனைவரை வருகிறவள்.

மே 21

நேற்று ராத்திரி ஒரு பன்னீர் சோடா வாங்கித் திறந்து அடுக்களையில் வைத்தேன். காலையில் காற்றெல்லாம் போயிருந்தது. ஒரு கரண்டி நாக்கில் விட்டேன். ரோஜா வாசத்தோடு சீனித்தண்ணீர், வேறு ஒன்றுமில்லை. தொண்டையில் சுள்ளென்றது கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து உண்டாக்கும் அமிலம். 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி பீர் ஆலைத் தொட்டிக்கு மேல் தண்ணீரைப் பிடித்துச் சோடாத் தண்ணீரைக் கண்டறிந்ததை வருடா வருடம் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 300 மில்லி கலரில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை. திரவமாக வந்தால் சின்ன இரைப்பைகூட அதைத் தடுக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். டாக்டர் பயந்தது அதற்கும்தான்.

மிச்சத்தைக் கொட்டினேன். இந்தச் சீனித்தண்ணீருக்கா பதினெட்டு வருடம்?

மே 22

நாலேகாலுக்குத் திரும்பவும் தேடியது.

ஜூன் 5

சாரல் விழுந்துவிட்டது. காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசல் காற்று ஆளைத் தள்ளுகிறது. முன்பு அசைக்காத காற்று. சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே.

ஜூன் 17

குடித்தேன்.

எட்டாம் வகுப்பு விடைத்தாள், தலைமையாசிரியர் அறையில் ஒரு பேச்சு, மழை. கால்கள் அண்ணாச்சி கடையில் நின்றன. “டீச்சர், எவ்வளவு நாளாச்சு” என்று அவரே குளிர்ந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வாய்தான். மார்க்கூட்டுக்குக் கீழே கல் வைத்ததுபோல் அடைத்துக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கடைச் சுவரில் சாய்ந்து நின்றேன். தையல் பிரிந்துவிட்டதோ என்ற பயத்தில் உள்ளங்கை வியர்த்தது. அரைமணி கழித்துச் சின்னதாக ஓர் ஏப்பம். அதற்காகத்தானே ஏங்கினேன். அதில் ஒரு நிம்மதியும் இல்லை.

ஜூன் 18

மருத்துவமனைக்கு போன் செய்தேன். வலி விட்டதால் பயமில்லை, இனிமேல் வேண்டாம் என்றார்கள். அதே கையோடு மதினிக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியாட்டி?” வைத்துவிட்டாள்.

ஜூலை 6

குற்றாலம். குற்றாலநாதருக்கு ராத்திரி பூசையில் கஷாயம்தான் நைவேத்தியம். அருவிச் சாரலிலேயே இருக்கிற சாமிக்குக் குளிர் தாக்கக் கூடாதாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள், கருப்பட்டி இல்லாமல். தொண்டையில் சுள்ளென்று இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. ஒரு தம்ளர் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. மணி ஐந்து.

ஜூலை 14

சீப்பு நிறைய முடி. மூன்றாம் மாதம் கொட்டும், பிறகு முளைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். 99 கிலோ.

ஜூலை 27

ஐந்தருவி. மதினிதான் கூப்பிட்டாள். ஆபரேஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அருவிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோளிலும் பிடரியிலும் தண்ணீர் அறைந்தது, மூச்சு முட்டியது. வெளியே வந்தபோது பற்கள் தந்தியடித்தன.

கடையில் கோலி சோடா. நாங்கள் ஆறு பேர். மதினி ஐந்து வாங்கினாள். என் பக்கம் திரும்பாமலே பையிலிருந்து துண்டை எடுத்து என் தலையில் போட்டாள்.

சின்னவனுக்குக் கோலியை உள்ளே தள்ளத் தெரியவில்லை. “அத்தே, நீங்க தட்டிக் குடுங்க.” 1872இல் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில். வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு கோலியை அழுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கிற காற்றேதான். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அந்தச் சத்தம். நுரை பொங்கி மணிக்கட்டு வரை வழிந்தது. பாட்டிலை அவனிடம் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தேன்.

தென்காசி வந்து சேரும்வரை விரலில் பன்னீர் வாசம் இருந்தது.