மலையின் கறுப்பு மைனா
மும்பையிலிருந்து புனே போகும் பழைய சாலையில், கண்டாலா மலைப்பாதையில் ஏப்ரல், மே மாதங்களில் இலைத்தொன்னைகள் கண்ணில் படும். உள்ளே நம்ம ஊர்க் களாப்பழம்! மராத்தியில் கர்வந்த். 'டோங்கர்ச்சி காளி மைனா' என்று கூவி விற்பார்கள். மலையின் கறுப்பு மைனாவாம். கடிக்குமுன் 'சேவலா, கோழியா?' என்று கேட்பது அங்கே பிள்ளைகள் விளையாட்டு. உள்ளே சிவப்பென்றால் சேவல், வெளுப்பென்றால் கோழி.

பறிப்பது விளையாட்டில்லை. புதருக்குள் கைவிட்டால் முள் கீறும். காம்பைக் கிள்ளினால் பால் பிசுபிசுக்கும். மலைவாழ் பெண்கள் ஒவ்வொன்றாகப் பறித்துத்தான் கூடை நிரம்பும். மழை இறங்கினால் வியாபாரம் முடிந்தது. அதற்குள் விற்றாக வேண்டும். காரில் வருபவர்களோ கண்ணாடியைப் பாதி இறக்கி, பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள்.

பேக்கரியில் செர்ரி என்று கேக் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பதும், பல இடங்களில், சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய இதே களாக்காய்தான். அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை.