கருவாடு, கிழங்கு, கோவா

1630ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையோடு இலங்கையின் ஊவா மலைநாட்டுக்குள் புகுந்து பதுளையைக் கொளுத்தினார். திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படை அவரைச் சூழ்ந்துகொண்டது. கூட வந்த உள்ளூர்ப் படையினரான லஸ்கரின்கள் மறுபக்கம் சேர்ந்துவிட்டார்கள். த சா அங்கேயே மாண்டார். 1505 முதல் 1658 வரை கரையோரத்தை ஆட்டிப்படைத்தவர்களுக்கு இந்த மலைகளில் காலூன்ற முடியவில்லை. அப்படிப்பட்ட பதுளையில் போய்ப் போர்த்துக்கேயச் சமையலைத் தேடுவதா என்று கேட்கலாம். ஆனால் லிஸ்பனில் சில காலம் வேலை பார்த்தபோது, அங்கே சாதாரண வீடுகளில் சாப்பிட்ட சாப்பாடு எனக்கு நினைவுபடுத்தியது கொழும்பை அல்ல. பதுளைக்கு அருகே பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் பெரியம்மாவின் அடுப்படியைத்தான்.

பதுளை ரயில் பாதையின் கடைசி நிலையம். 1924இல்தான் ரயில் இங்கு வந்து சேர்ந்தது. விடிகாலையில் இறங்கி பஸ் நிலையத்துக்கு நடந்தால் பேக்கரி வாசனை முன்னால் வந்து நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அச்சுப் பாண், ரோஸ் பாண், முதலை வடிவத்தில் சீனி தூவிய கிம்புலா பணிஸ், மீனும் கிழங்கும் அடைத்த மாலு பணிஸ். கோதுமை விளையாத இந்தத் தீவில் பாண் சுடும் பழக்கம் போர்த்துக்கேயரோடு வந்தது. இன்று பாணை ஏற்றிக்கொண்டு, பீத்தோவனின் இசையை ஒலித்தபடி, முச்சக்கரவண்டி தோட்டத்துப் பாதை வரைக்கும் ஏறுகிறது. வாளேந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மலை, அவர்களுடைய பாணை மட்டும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டது.

பாணை நான் லேசான பண்டமாக நினைப்பதில்லை. 1973-74 பஞ்சத்தில் அரிசியும் மாவும் குறைந்தபோது மலையகத் தோட்டங்களில் மனிதர்கள் பசியால் செத்தார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர் பெரியம்மா. காய்ந்த பாண் துண்டை அவர் இன்றும் குப்பையில் போடமாட்டார். பருப்புக் குழம்பைச் சூடாக்கி அதில் ஊறவைத்துவிடுவார். போர்த்துக்கல்லின் தெற்கே அலென்தெஜு என்ற வறண்ட சமவெளியில் இதே வேலைக்கு ‘அசோர்தா’ என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. பூண்டு, கொத்தமல்லித் தழை, உப்பு மூன்றையும் உரலில் இடித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, பழைய பாணைப் பிய்த்துப் போடுவார்கள். மேலே ஒரு முட்டை. பச்சைக் கொத்தமல்லியை ஐரோப்பாவில் வேறெங்கும் நான் இவ்வளவு தாராளமாகச் சாப்பிட்டதில்லை. வயல்கூலிக்குப் போனவர்களின் சாப்பாடு அது. இன்று லிஸ்பன் உணவகங்களில் நல்ல விலைக்கு விற்கிறது.

மிளகாய் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்கக் கண்டத்துக் காயைப் போர்த்துக்கேயக் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டில் ஆசியக் கரைகளுக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன்பு இங்கேயும் தமிழ்நாட்டிலும் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். சிங்களக் கிராமத்துக்கு மிளகாய் இலங்கைக் கரையோரத்திலிருந்து மேலேறி வந்திருக்கும். தோட்டத்துக்கோ அது வேறு வழியில் வந்தது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் 1658 வரை போர்த்துக்கேயர் இருந்தார்கள். அந்தப் பக்கத்து உள்நாட்டுப் பகுதிகளான திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளில் மிளகாய் ஊறிப்போன பிறகு, 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் வந்த சனங்கள் அந்தக் காரத்தை நாக்கிலேயே சுமந்து வந்தார்கள். ஆக, ஊவாவில் ஒரே காய் இரண்டு பாதைகளில் வந்து சேர்ந்திருக்கிறது. பெரியம்மா அம்மியில் அரைக்கும் கட்டைச் சம்பலில் செத்தல் மிளகாயோடு மாலைதீவு மாசியும் இருக்கும். பாட்டனின் ஊரும் பேரனின் தீவும் அந்த ஒரே அம்மியில் அரைபடுகின்றன.

இதே பயணத்தில் அப்புத்தளையில் ஒரு பகல் மட்டும் நின்றேன். ஆங்கிலேயத் துரை ஒருவர் கட்டிய அடிசம் மாளிகை இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அங்கே கொய்யா ஜெலி வாங்கலாம். கொய்யாவும் அமெரிக்கப் பழம்தான். போர்த்துக்கல்லில் சீமை மாதுளம்பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி வில்லையாக வெட்டுவார்கள். அது கிடைக்காத பிரேசிலில் கொய்யாவைக் காய்ச்சினார்கள். இந்தியாவின் கோவா மாநிலத்துக் கிறிஸ்தவர்களும் நத்தாருக்குக் கொய்யா வில்லை செய்கிறார்கள். இனிப்பில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரவையும் கஜுவும் முட்டை மஞ்சட்கருவும் பன்னீரும் சேர்ந்த லவ் கேக் போர்த்துக்கேயர் வழி வந்தது என்பார்கள். பதுளையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நத்தாருக்கு அதைச் செய்வதுண்டு. கஜு விற்கும் விலைக்கு லயத்து வீட்டில் அது நடக்காது. பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் போனால் மட்டக்களப்பு. போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் இன்னமும் வாழும் ஊர் அது. அங்கே போனால் அந்த இனிப்புகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

நான் பதுளைக்கு வந்தது இனிப்புக்காக அல்ல, கருவாட்டுக்காக. போர்த்துக்கேயரின் மேசையில் முதல் இடம் ‘பக்கல்யாவ்’ எனும் உப்பிட்டு உலர்த்திய கொட் மீனுக்கு. அந்த மீன் அவர்களுடைய கடலில் கிடையாது. அத்லாந்திக்கைத் தாண்டி நியூபவுண்ட்லாந்து வரை போய்ப் பிடித்து, உப்பிட்டுக் கொண்டுவந்தார்கள். கடற்கரையைக் கண்டிராத மலைக்கிராமத்தானுக்கும் விரத நாளில் மீன் கிடைத்தது இதனால்தான். டிசம்பர் 24 இரவு, வருடத்தின் மிகப் பெரிய குடும்பச் சாப்பாட்டில், ஊறவைத்து அவித்த பக்கல்யாவ், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த கோவா இலை, மேலே பூண்டு போட்ட ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான்.

லிஸ்பனில் இதை முதன்முதலில் என் முன்னால் வைத்தபோது எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்தது. வெலிமடைக் கிழங்கு, லயத்துக்குப் பின்னால் பாத்தியில் விளைந்த கோவா, கடலிலிருந்து லொறியேறி வந்த கட்டாக் கருவாடு. கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும் பெரியம்மா ஒரு மணி நேரத்துக்குள் ஆக்குவதும் இந்த மூன்றையும் வைத்துத்தான். கடலுக்கு எட்டாத மேட்டில், குறைந்த கூலியில், குளிரில் உழைக்கும் சனங்கள் எந்த நாட்டிலானாலும் உப்பு மீனையும் கிழங்கையும்தான் நம்பியிருக்கிறார்கள். த சாவின் படையால் இந்தச் சொந்தம் உண்டாகவில்லை. அந்தப் படையில் வந்து மாண்ட ஏழைச் சிப்பாய்களின் ஊர்களிலும் இதே அடுப்புதான் எரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பக்கல்யாவைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“கருவாட்ட எவ்வளவு நேரம் ஊறப்போடுவாங்க?”

“ஒரு நாள், ரெண்டு நாள். தண்ணிய மாத்தி மாத்தி.”

“அவ்வளவு நேரமா? அப்ப அது சரியான தடிச்ச மீனு. நம்ம கட்டாவுக்கு ராவு பூரா வேணாம் தம்பி. புளி?”

“புளி இல்ல. மிளகாயும் இல்ல.”

“மொளகாய ஊருக்கெல்லாம் குடுத்துட்டு அவங்க போட மாட்டாங்களா?”

மறுநாள் மாலை அதை ஆக்கினோம். ஒலிவ் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். பூண்டை நசுக்கி, பொன்னிறம் வந்ததும் எண்ணெயோடு அப்படியே கிழங்கின் மேல் ஊற்றினார். கோவா அதிகம் வெந்தால் நாறும் என்று கடைசியில்தான் போட்டார். இது லிஸ்பனில் எனக்கு யாரும் சொல்லித்தராதது. பெரியப்பா முதலில் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “காய்ச்சக்காரனுக்கு ஆக்குனதா?” என்று கேட்டார். பெரியம்மா கட்டைச் சம்பலை அவர் பக்கம் தள்ளினார். அதன் பிறகு அவர் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த கிழங்கைக் காலையில் ரொட்டிக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோகலாம் என்று பெரியம்மா மூடி வைத்தார்.