காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

கொடுங்கையூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாடி ஒன்று கேட்பார்கள். குப்பை மேட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஊரில் நாலு வருஷம் இருந்தவர்கள் இன்னும் உஷார். காத்து எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்பார்கள். 1980களிலிருந்து சென்னையின் பாதிக் குப்பை வந்து விழுகிற இடமாச்சே!

இந்தக் கேள்வியோடு மாலத்தீவுக்கு வேலைக்குப் போன ஒரு இங்கிலீஷ் டீச்சரின் கதை இது. முத்தமிழ் நகர் பக்கம். பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். இங்கே தனியார் ஸ்கூல் சம்பளத்தில் வீட்டுக் கடன் வட்டிகூடத் தேறவில்லை. மாலத்தீவில் 1960களிலிருந்தே பள்ளிப் படிப்பு ஆங்கிலத்தில்தான். திவெஹி மொழிப் பாடமும் இஸ்லாம் பாடமும் மட்டும் விதிவிலக்கு. அதனால் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் டீச்சர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

2019ல் அவர் கையில் இரண்டு வேலை. ஒன்று தலைநகர் மாலேயில், ஒன்று வடக்கே ஒரு சின்னத் தீவில். எதை எடுப்பது?

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது மாலே. ஆஸ்பத்திரி, பேங்க், ஏர்போர்ட் எல்லாம் பக்கம். 2018ல் கடல் மேல் பாலம் திறந்த பிறகு, கடலைத் தூர்த்து உருவாக்கிய ஹுல்ஹுமாலேயில் தங்கிக்கொண்டும் வேலைக்கு வரலாம். சம்பளமும் அங்கேதான் கூட.

இங்கேதான் காமர்ஸ் மூளை வேலை செய்யணும். மாலே தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். 2022 சென்சஸ் படி நாட்டின் ஜனத்தொகை 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் 2 லட்சத்துக்கும் மேல் மாலேயிலும் அதை ஒட்டிய தீவுகளிலும். இடம் கொஞ்சம், ஆள் நிறைய. வாடகை எங்கே போகும்? ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுப்பது அங்கே சாதாரணம். சின்னத் தீவில் சம்பளம் குறைவு, ஆனால் அவருக்கு வந்த காண்ட்ராக்டில் தங்கும் இடம் சேர்த்தி. சம்பளத்தைப் பார்த்தால் மாலே. வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப முடிவதைப் பார்த்தால் சின்னத் தீவு.

அடுத்தது காத்து. மாலேக்கு மேற்கே திலாஃபுஷி என்று ஒரு தீவு. 1992ல் இருந்து குப்பை கொட்டியே வளர்ந்த தீவு. அப்போது அங்கே திறந்தவெளியில் எரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குக் காத்து அடிக்கும் பருவத்தில் புகை தலைநகரை நோக்கி வரும். இதைக் கேட்டதும் அவர் அம்மா சொன்னது:

"இங்க இல்லாத குப்பையா? அங்க போயி வேற பாக்கணுமாடி?"

"அதாம்மா, காத்து எந்தப் பக்கம்னு கேட்டுட்டு இருக்கேன்."

சின்னத் தீவிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. குடிக்க மழைத்தண்ணி டேங்க். பெரிய ஆஸ்பத்திரி என்றால் படகு ஏறணும். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் உண்டு, வெள்ளியும் சனியும்தான் லீவு. கோயிலோ சர்ச்சோ நாட்டில் எங்கேயும் கிடையாது, வழிபாட்டுச் சிலை கொண்டுபோகவும் தடை. தமிழ் பேச பக்கத்தில் ஆள் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். தெரிந்த வாசனை என்று சொல்ல ஒரே ஒன்று, மாசிக் கருவாடு!

அவர் சின்னத் தீவைத்தான் எடுத்தார். எட்டு மாசத்தில் வீட்டுக் கடனில் ஒரு பகுதி குறைந்தது. சரியான முடிவு என்று எல்லாரும் பேச ஆரம்பித்த நேரத்தில் கொரோனா வந்தது.

2020 ஏப்ரலில் மாலே முழு ஊரடங்கில் போனது. நெருக்கமாக ரூம் எடுத்து இருந்தவர்கள் மத்தியில் நோய் வேகமாகப் பரவியது. அவர் இருந்த தீவில் காத்து சுத்தம், கடற்கரையில் நடக்க முடிந்தது. அதே தூரம்தான் பிறகு சுவரானது. மாலேயிலிருந்து நம் கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூன் 7ல் தூத்துக்குடிக்கு வந்தது. அவர் அதில் வரவில்லை. தீவிலிருந்து மாலேக்குப் போகவே வழியில்லை. கொடுங்கையூரில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அவருக்குப் போன்தான். அப்பா பிழைத்து வந்தார், நல்லவேளை.

இப்போது சொல்லுங்கள், அவர் எடுத்த முடிவு சரியா, தப்பா? வாடகை, தண்ணி, காத்து எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார். அவசரத்துக்கு வீட்டுக்கு வர எத்தனை மணி நேரம் என்ற வரி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. சும்மா இருக்கும் நாளில் அந்த வரியின் மதிப்பு பூஜ்யம். தேவைப்படும் நாளில் மத்த எல்லா வரியையும் அது சாப்பிட்டுவிடும்.

திலாஃபுஷியில் திறந்தவெளியில் எரிப்பது 2021ல் நின்றது. கொடுங்கையூர் மேட்டையும் பயோமைனிங் செய்து கரைக்கிறார்கள். அவர் காண்ட்ராக்டை முடித்துவிட்டுத்தான் வந்தார். வெளிநாடு போகிற ஜூனியர் யாராவது யோசனை கேட்டால், முதலில் மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு ரெண்டு கேள்வி கேட்கிறாராம். காத்து எந்தப் பக்கம்? கடைசிப் படகு எத்தனை மணிக்கு?