விளக்கும் விழிப்பும்

அந்தி மயங்கும் நேரத்தில் பேரணாம்பட்டின் வீதிகளில் நடப்பவர்களை இரண்டு மணங்கள் ஒருங்கே வந்தடையும். ஒன்று, தோல் பதனிடும் கூடங்களிலிருந்து காற்றில் வரும் மணம். மற்றொன்று, வாசலிலும் பூஜை மாடத்திலும் ஏற்றி வைத்த அகலின் நல்லெண்ணெய் மணம். மின்விளக்கு எத்தனை இருந்தாலும் அகல் ஏற்றாத வீட்டில் திருமகள் தங்கமாட்டாள் என்று நம்பி வளர்ந்தவர்கள் நம் மூத்தோர். திருமணத்துக்கும் வேள்விக்கும் அக்னியே சாட்சி. கார்த்திகையில் மலையுச்சியில் கண்டு தொழுவதும் அக்னியையே.

தொழப்படும் அந்த நெருப்புக்குத் தொழுபவர், தொழாதவர் என்ற வேறுபாடு தெரியாது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் சிக்கி 48 பேர் மாண்டனர். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபமொன்றின் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018 பிப்ரவரி 2 இரவில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபம் தீக்கிரையானது. பக்தியில் குறைவற்ற இடங்கள்தாம் இவை மூன்றும். கீற்றும் துணியும் மின்கம்பியும் நெருங்கியிருந்தால் எந்தச் சந்நிதியிலும் நெருப்பு தன் இயல்பையே காட்டும்.

வீட்டுக்கும் அதுவே. பேரணாம்பட்டில் எழுபதைக் கடந்த ஓர் அம்மையார் தனியே வாழ்கிறார். கணவர் தோல் கூடத்தில் உழைத்து ஓய்ந்து மறைந்தவர். மகன் சென்னையில் வேலையில் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கற்பூர ஆரத்தி காட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் குனிந்து கும்பிட்டார். தோளிலிருந்து சரிந்த செயற்கைப் பட்டு முந்தானை தட்டின்மேல் விழுந்தது. நூல் புடவையாயிருந்தால் எரிந்து கருகும். செயற்கை இழையோ உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஓடிவந்த பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் போர்வையால் அவரை இறுகச் சுற்றித் தரையில் உருட்டினாள். பிறகு வெந்த கையைக் குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிடம் பிடித்திருந்தாள். எதிர்வீட்டார் பேனா மையும் பற்பசையும் கொண்டுவந்தனர். அவள் இரண்டையும் மறுத்துவிட்டாள். மை பூசுவதும் பற்பசை அப்புவதும் தலைமுறை தலைமுறையாக நாம் செய்துவந்த வைத்தியம். அவை புண்ணுக்குள் சூட்டை அடைத்து, மருத்துவர் காயத்தைப் பார்க்கவும் தடையாகின்றன. அன்று அந்த அம்மையாருக்கு ஒரு முழங்கை அளவு தழும்போடு போயிற்று. இப்போது பூஜைக்கு நூல் புடவைதான், முந்தானையும் இடுப்பில் செருகியே இருக்கும். விளக்கு திரைச்சீலையை விட்டு நகர்ந்து, அகன்ற பித்தளைத் தாம்பாளத்தின் நடுவே அமர்ந்துவிட்டது. தூங்கப் போகும்முன் அவரே அதை மலையேற்றிவிடுகிறார்.

சமையலறையில் பதற்றம்தான் முதல் பகை. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் கை தானாகவே தண்ணீர்ச் செம்பைத் தேடும். நீர் பட்டதும் கொதியெண்ணெய் சீறி நாலாபுறமும் தீயைத் தெளிக்கும். அடுப்பை அணைத்து, ஒரு தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினால் காற்றின்றித் தீ தானே ஒடுங்கும். எரிவாயுவின் குணம் வேறு. அது காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து கட்டிலடியிலும் மூலையிலும் தங்கும். நாற்றம் தெரிந்ததும் ரெகுலேட்டரை மூடிக் கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். வீட்டுக்கு வெளியே வந்த பின்னரே 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் காலணியின் மேற்பகுதியை வீட்டிலேயே தைத்துப் பிழைக்கும் பெண்கள் ஏராளம். தோல் துண்டுகளோடு ஒட்டுப் பசை டப்பாவும் வீட்டில் இருந்தால், அதன் ஆவியே தீப்பற்றும். அது பூஜை மாடத்துக்கும் அடுப்புக்கும் அருகில் இருக்கவே கூடாது.

புதிய சாதனங்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2022 மார்ச் 26 அதிகாலை, வேலூர் அல்லாபுரத்தில், இரவு மின்னேற்றத்தில் விட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அதன் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் பள்ளியில் படித்த மகளும் இறந்தனர். கொன்றது புகை. வாகனத்தைப் பகலில், ஆள் விழித்திருக்கும்போது, வெளியேறும் வழியை மறிக்காத இடத்தில் நிறுத்தி மின்னேற்றுவது பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகலாம். பெரியவர்கள் இந்த ஒன்றில் பிடிவாதம் காட்டலாம். புகை சூழ்ந்துவிட்டால் நிமிர்ந்து நடக்காமல் தவழ்ந்து வெளியேற வேண்டும். நல்ல காற்று தரைக்கு அருகில்தான் மிஞ்சியிருக்கும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்நாள் வைக்கப்பட்டது. நமக்கு அது சித்திரை முதல் நாளையொட்டி வருகிறது. பஞ்சாங்கம் படிக்கக் கோயிலில் கூடும்போது, தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து அரைமணி நேரச் செயல்விளக்கம் வைத்தால் அந்தப் புத்தாண்டு இன்னும் பொருளுள்ளதாகும்.

இனி மற்றொரு நெருப்பு. அது கைப்பேசி வழியே வருகிறது. அதே அம்மையாருக்கு ஒரு மாலை அழைப்பு வந்தது.

“அம்மா, மின்வாரியத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் பில் பாக்கி இருக்கிறது. இன்று இரவு 9 மணிக்கு இணைப்பைத் துண்டித்துவிடுவோம். நான் அனுப்பும் லிங்கைத் தொட்டுப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்.”

குரலில் அவ்வளவு பணிவு. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் புழங்கும் ஊரில், ஏமாற்றுபவனும் கேட்பவரின் மொழியிலேயே பேசுவான். இருட்டில் தனியே இருக்க வேண்டுமே என்ற பயத்தில் அம்மையார் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

“பாட்டி, இந்த முறை பில்லை நான்தானே கட்டினேன்? பாக்கி எங்கே வந்தது?”

அவள் கேட்ட குரல் மறுமுனைக்கும் எட்டியிருக்க வேண்டும், அழைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த லிங்கைத் தொட்டிருந்தால் கைப்பேசியே அவன் வசமாகியிருக்கும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்களையும் அவனே படித்திருப்பான். கணவர் விட்டுச் சென்ற சேமநிதிப் பணம் முழுவதும் அந்த ஒரே கணக்கில்தான் இருந்தது.

தீயில் விரைந்தவர் பிழைப்பார். இதில் தாமதித்தவரே பிழைப்பார். ஏமாற்றுபவன் விற்பது அவசரத்தை மட்டுமே. ‘முன்னே தெருவில் ஒரு கொலை நடந்திருக்கிறது, நகையைக் கழற்றிப் பையில் வையுங்கள்’ என்று போலீஸ் வேடத்தில் மூதாட்டிகளிடம் பொட்டலம் மாற்றிய அதே கூட்டத்தின் புதிய தலைமுறைதான், இன்று காக்கிச் சட்டையோடு வீடியோ அழைப்பில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். எந்தக் காவல் அதிகாரியும் தொலைபேசியில் விசாரித்துப் பணம் கேட்பதில்லை.

பக்தியையும் இவர்கள் விடுவதில்லை. திருமலையில் சேவைச் சீட்டும் தங்கும் அறையும் தருவதாகப் போலி இணையதளங்கள் பல நடந்து, தேவஸ்தானமே அவற்றின்மீது புகார் கொடுத்திருக்கிறது. அயோத்தியில் பிராணப் பிரதிஷ்டை நெருங்கிய நாட்களில், கோயிலின் பெயரால் நன்கொடை கேட்டுப் போலிக் கியூஆர் குறியீடுகள் சுற்றின. தெரியாதவர் அனுப்பிய குறியீட்டுக்குப் பணம் போடுவதைவிட, காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து நேரில் உண்டியலில் சேர்த்த நம் பாட்டிமார் வழியே பத்திரமானது. திருமலையான் இங்கிருந்து தொலைவிலும் இல்லை.

வேலூர் வட்டாரத்துக்கு இதைவிடப் பெரிய காயம் ஒன்றுண்டு. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனம் மாதம் 6 முதல் 10 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொல்லிச் சுமார் 6,000 கோடி ரூபாய் திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் குற்றச்சாட்டு. 2022-இல் அது வழக்கானது. லட்ச ரூபாய்க்கு மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. எந்த நேர்மையான வியாபாரம் முதலுக்குச் சமமான தொகையை ஓராண்டில் வட்டியாகத் தரும்? இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்காததற்குக் காரணம் பேராசை மட்டுமன்று. பணம் கேட்டு வந்த முகவர் பெரும்பாலும் தெரிந்தவராகவோ, உறவுக்காரராகவோ, பக்கத்துத் தெருக்காரராகவோ இருந்தார். அவர் முகத்துக்காகக் கொடுத்தவர்கள் பலர். பேத்தியின் திருமணத்துக்கென்று ஒதுக்கிய பணமும் ஓய்வுக்காலப் பணமும் அப்படியே போயின.

இழந்தவர்களை அதைவிட வாட்டுவது வெட்கம். ‘இந்த வயதில் ஏமாந்தேன் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது’ என்று நாட்கணக்கில் மௌனமாயிருப்பவர்கள் உண்டு. களவு போன பணம் முதல் சில மணி நேரத்தில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், அது கைமாறும்முன் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் சொன்னால் அந்த வழி குறுகிவிடும். ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். பிள்ளைகளும் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: அம்மாவோ அப்பாவோ தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது, ‘உங்களுக்கு எதற்கு இந்த போன்?’ என்று சீறினால் அடுத்த முறை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நாட்காட்டிக்குப் பக்கத்துச் சுவரில், தொலைவிலிருந்தும் தெரியும்படி, கரிய மையில் எண்களை எழுதிவைத்தாள்: தீக்கு 101, எரிவாயுவுக்கு 1906, பண மோசடிக்கு 1930. நான்காவதாக மகனின் எண். அது தமக்கு மனப்பாடம் என்றார் அம்மையார். பதற்றத்தில் மனப்பாடம்தான் முதலில் மறந்துபோகும் பாட்டி என்று சொல்லி, அதை மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள் அவள்.