காத்து எறங்கிருச்சு சார்

பயணத்தில் பொறுமை வேண்டும் என்று நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். பாதி வழியில் நிற்பவனிடம் இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: "எப்ப கிளம்பும்?"

போன வருடம் பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகும்போது முப்பத்துச் சொச்சம் பேர் இதை ஒரே டிரைவரிடம் மாறி மாறிக் கேட்டோம். தர்மபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு பஸ் ஓரங்கட்டி நின்றது.

"காத்து எறங்கிருச்சு சார்."

"அப்ப பஞ்சர் கடைக்குப் போன் போடுங்கண்ணே" என்றார் பின்சீட்காரர். எல்லோரும் சிரித்தோம். டிரைவர் மட்டும் சிரிக்காமல் டார்ச் அடித்துக் காட்டினார். பிரேக்குக்குக் காற்று போகும் குழாயில் விரிசல்.

பெரிய வண்டிகளின் பின்சக்கரங்களில் ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் பிரேக்கை இறுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். காற்றழுத்தம்தான் அதைத் தள்ளிப் பிடித்திருக்கும். காற்று குறைந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கும், வண்டி நகராது. ரயிலுக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் காப்புரிமை வாங்கிய பிரேக்கிலும் இதே யோசனைதான்: குழாயில் காற்று போனால் பிரேக் தானாகவே பிடிக்கும். எங்கள் துறையில் இதை 'ஃபெயில்-சேஃப்' என்போம். கெட்டுப்போனாலும் ஆளைக் கொல்லாத மாதிரி கெட்டுப்போவது. விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் இறக்கத்தை நினைத்ததும், நிற்கிற பஸ் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

என் செல்போனில் ஆப் மட்டும் 'பேருந்து சரியான நேரத்தில் செல்கிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட் அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி ஐடிதானே? நீங்களே இத சரி பண்ணிரக் கூடாதா?" என்றார். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன முறுக்கு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். "நாலு முறுக்கு கொறைஞ்சா சம்பந்தமா முறிஞ்சு போகும்?"

முறுக்கை வாங்காதவன் ஒருத்தன் இருந்தான். இருபது வயது இருக்கும். அம்மா விடாமல் கேட்டதும் சொன்னான்: "அப்பத்தா தவறிருச்சும்மா. எடுக்கறதுக்குள்ள போகணும்."

அதற்குப் பிறகு யாரும் ஜோக் அடிக்கவில்லை. அவனிடம் போய்ப் பொறுமையாக இரு என்று சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. நாலைந்து பேர் ரோட்டோரம் நின்று செல்போன் வெளிச்சத்தை ஆட்டினோம். மூன்றாவதாக வந்த அரசுப் பேருந்து நின்றது. அதில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். யார் ஏறுவது என்று பேச்சே எழவில்லை. தர்மபுரியிலிருந்து மெக்கானிக் வந்து, நாங்கள் கிளம்பும்போது விடிந்திருந்தது.

2023 டிசம்பர் 17 இரவு, தென் மாவட்டங்களின் பெருமழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்திவைத்தார்கள். அங்கிருந்து அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மற்றவர்கள் பெட்டியிலேயே கிடந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பலர் அங்கிருந்து வெளியேற 19ஆம் தேதி ஆகிவிட்டது. அந்த முதல் ராத்திரியில் "எப்ப எடுப்பீங்க?" என்று ஆத்திரப்பட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ரயிலை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது விடிந்த பிறகுதான் விளங்கியிருக்கும்.

வண்டி ஏன் நின்றது என்று யாராவது விளக்கிச் சொன்னால் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. மீதியை முறுக்கும் கேலியும் பார்த்துக்கொள்ளும். உண்மையிலேயே காத்திருக்க முடியாத ஒருத்தன் நம் கூட்டத்தில் இருக்கிறானா என்று மட்டும், சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.