முதல், ஒன்றாம், இரண்டாவது

ஸ்பானிஷ் மொழியில் வரிசை எண்கள் பத்துக்கு மேல் களைத்துவிடும். பிரிமேரோ, செகுந்தோ, தெர்செரோ என்று ஒழுங்காகக் கிளம்பும். பத்தாவதுக்கு தெசிமோ. பதினொன்றாவதுக்கு உன்தெசிமோ என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் பேச்சில் அதை அதிகம் கேட்க முடியாது. 'மாடி பதினொன்று' என்று எண்ணையே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ராஜாக்களுக்கும் இதே கதிதான். இரண்டாம் ஃபெலிப்பே 'ஃபெலிப்பே செகுந்தோ'. பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ வெறும் 'அல்ஃபோன்சோ த்ரெசே', அதாவது அல்ஃபோன்சோ பதின்மூன்று. பஸ் நம்பர் மாதிரி.

தமிழுக்கு இந்தக் களைப்பு கிடையாது. எந்த எண்ணோடும் 'ஆம்', 'ஆவது' ஒட்டிக்கொள்ளும். நமக்குச் சிக்கல் எல்லாம் தொடக்கத்திலேதான். ஒன்றாம் வகுப்பு உண்டு, ஒன்றாம் பரிசு கிடையாது, அது முதல் பரிசு. ஒண்ணாந்தேதி சம்பளம் என்றாலும் முதல் தேதி சம்பளம் என்றாலும் அதே பணம்தான். 'ஓராவது' என்று தனியாக யாரும் சொல்வதில்லை. ஆனால் இருபதைத் தாண்டியதும் 'இருபத்தோராவது' என்று அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்பானிஷிலும் முதலாவதுக்குத்தான் தனி உபசாரம். ஆண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பிரிமேரோ வாலை இழந்து பிரிமேர் ஆகிவிடும். மூன்றாவதுக்கும் அப்படியே, தெர்செரோ தெர்செர் ஆகும். ஏனோ இரண்டாவது மட்டும் எங்கே வந்தாலும் குறையாமல் நிற்கிறது.

எங்கள் ஊர் பனமலையில், ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. சுவரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கட்டியவன் பல்லவன் ராஜசிம்மன். புத்தகத்தில் அவன் பெயர் இரண்டாம் நரசிம்மவர்மன். அந்த 'இரண்டாம்' பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் ஒட்டியது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன் பட்டப்பெயர்களை இருநூறுக்கு மேல் வெட்டி வைத்தவன், தன்னை இரண்டாவது ஆள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நம் கல்வெட்டுகளில் வரிசை எண் ராஜாவுக்கு இல்லை, அவன் ஆண்ட வருஷத்துக்குத்தான்: 'யாண்டு மூன்றாவது' என்பார்கள். பாண்டியர் கல்வெட்டுகளில் 'நாலாவதின் எதிர் ஒன்பதாவது' என்கிற மாதிரிகூட வரும். அதை நாலும் ஒன்பதும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆட்சியாண்டு என்று படிக்கிறார்கள். ராஜராஜனும் வாழ்ந்த காலத்தில் 'முதலாம்' இல்லை. இன்னொரு ராஜராஜன் வந்த பிறகுதான் முன்னவருக்கு அந்த எண் தேவைப்பட்டது. ஸ்பெயினில் வேறு வழக்கம். 1975இல் பட்டம் ஏறிய ஹுவான் கார்லோஸ் அன்றைக்கே 'பிரிமேரோ' ஆகிவிட்டார், இரண்டாமவர் வருவாரா மாட்டாரா என்று காத்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்படி எண்ணோடு பட்டம் ஏறியவள் அக்கா. அவளுடையது தாசில்தார் கையெழுத்துப் போட்ட பட்டம். முதல் பட்டதாரி சான்றிதழ் என்று பெயர். 2010-11 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்குச் சேர்பவர்களுக்கு இதைக் காட்டினால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். ஞாயமான விதிதான், வாசலைத் திறந்துவிட்டால் போதும் என்ற கணக்கு. ஆனால் அக்கா உள்ளே போன மூன்றாவது வருஷம் நான் போனபோது அப்பாவின் வருமானம் அதே வருமானம்தான். வங்கியில் கடன் வாங்கித்தான் படித்தேன்.

அக்கா இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். கம்பெனிக்கு மெக்சிகோ வாடிக்கையாளர்கள் இருப்பதால் ஸ்பானிஷ் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அவள் புத்தகத்தை ஓசியில் படித்துப் பழக்கமானதுதான். குடும்பத்தைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார்களாம். போனில் கேட்டாள்: "டேய், முதல் பட்டதாரிக்கு பிரிமேர்னு போடணுமா, பிரிமேரோவா?"

"ரெண்டும் இல்லக்கா. நீ பொண்ணு, பிரிமேரா."

"வால் போவாதா?"

"போவாது. ஆம்பளைக்கு முன்னாடி வந்தாதான் போவும்."

சிரித்தாள். தமிழில் அம்மா 'எங்க வூட்ல மொத பட்டதாரி' என்று ஊரெல்லாம் சொல்லும்போது, அது பெண் என்பது அந்தச் சொல்லில் தெரியாது. பலரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒன்ன என்னான்னு எழுதறது?"

"செகுந்தோ. அது எப்பவும் முழுசாவே இருக்கும்."

அக்காவுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வரும். அஞ்சாந்தேதி அவள் கணக்கிலிருந்து என் கடன் தவணை போகும்.